நான் வாங்காத கடன் என் பேர்ல 5 ஓடுது, உங்க யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா? அனுபவம் சொல்லுங்க

திருப்பூர் செக்கிங்:

வணக்கமுங்க. ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிக்கிட்டே வந்தது, இப்ப முக்கால்வாசி முடிஞ்சிருச்சுங்கற தைரியத்துல எழுதறேன். நான் ஒரு பனியன் கம்பெனியில செக்கிங் செக்ஷன் பாத்துக்கறேன். போன வருஷம் ஆடி முடிஞ்சதும் ஒரு சின்ன வீடு பேசி, 50 ஆயிரம் அட்வான்ஸ் குடுத்து, 3 மாசத்துல கிரயம்னு அக்ரிமெண்ட் போட்டுட்டு லோனுக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பாத்துட்டு உங்களுக்கு ஏற்கனவே 5 லோன் ஓடுதே, எதுலயும் டியூ கட்டலையேங்கறார். நான் வாழ்க்கையில வாங்குனது ஒரே ஒரு வண்டிக் கடன், அதையும் 2019லயே முடிச்சு, பாக்கி இல்லைங்கற என்ஓசி லெட்டர் வாங்கி பீரோவுல வெச்சிருக்கேன்.

என் பேர்ல இருக்கற கடன் ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தா பேரு என்னுது, பான் நம்பர் என்னுது, பொறந்த தேதி என்னுது. போன் நம்பரும் அட்ரஸும் மட்டும் யாருதோ, நான் காலே வைக்காத ஒரு ஸ்டேட். அஞ்சும் ஆப்ல வாங்குன கடன், மொத்தம் 1 லட்சத்து 87 ஆயிரம். என் விவரமெல்லாம் எங்கிருந்து போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலீங்க. பிஎஃப்புக்குக் குடுத்த ஜெராக்ஸா, ரோட்டோரத்துல குடை போட்டு சிம் வித்தாங்களே அங்க குடுத்ததா, பொண்ணு ஸ்காலர்ஷிப்புக்கு ஜெராக்ஸ் கடையில ஸ்கேன் பண்ணி அந்தக் கம்ப்யூட்டர்லயே விட்டுட்டு வந்ததா, எதைன்னு சொல்றது.

மொதல்ல போலீஸ் ஸ்டேஷன், அங்கிருந்து சைபர் கிரைம்னு அனுப்புனாங்க, நாலு தடவை அலைஞ்சு, புகார் வாங்குனதுக்கு போலீஸ் குடுக்கற சிஎஸ்ஆர் ரசீது வாங்குனேன். சிபில்ங்கற பேர் மட்டும்தான் நமக்குத் தெரியும், ஆனா நம்ம கடன் கணக்கைப் பதிஞ்சு வெச்சு ரிப்போர்ட் குடுக்கற இந்த மாதிரி கம்பெனி மொத்தம் 4 இருக்குதுங்க, நாலுலயும் தனித்தனியா இது என் கடன் இல்லைன்னு போட வேண்டியதாப் போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை நாலு கம்பெனியும் ரிப்போர்ட் ஃப்ரீயா குடுக்கணும், 2017ல இருந்தே ரூல் இருக்கு, எனக்கு யாரும் சொல்லல. புகார் குடுத்து 30 நாள்ல சரி பண்ணலைன்னா நாளுக்கு 100 ரூபா நமக்கு நஷ்டஈடு தரணும்னும் இருக்கு.

3 கடன் தூக்கிட்டாங்க. மீதி 2, நான் வாங்கலைங்கறதுக்கு என்னையே ஆதாரம் குடுன்னு கேக்கறாங்க. வாங்காததுக்கு என்னங்க ஆதாரம் இருக்கும்? இதுக்கு நடுவுல அந்தக் கடன் ஆப்காரங்க எப்படியோ நம்பர் புடிச்சு எங்க பனியன் கம்பெனி ஆபீசுக்கே போன் பண்ணி, உங்க ஆளு கடன்காரன்னு சொல்லிட்டாங்க. 14 வருஷமா நான் வேலை பாக்கற எடம் அது. 50 ஆயிரம் அட்வான்ஸ் போச்சு, அலைஞ்ச நாளுக்கெல்லாம் சம்பளம் போச்சு, வீட்ல நிஜமாவே வாங்கலைதானேன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க, அதை நெனச்சா இப்பவும் நெஞ்சை அடைக்குது. உங்களுக்கு ஆனதையும் எழுதுங்க. எவ்வளவு போச்சு, எவ்வளவு திரும்பி வந்துச்சு, எத்தனை நாளாச்சுன்னு உள்ளதை உள்ளபடியே எழுதுங்க.

திருச்சி கீதம்:

அண்ணா, உங்க வீட்ல கேட்ட அந்த ஒரு கேள்வியைப் படிச்சதும்தான் எனக்கும் எழுதத் தோணுச்சு. எங்க அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், 71 வயசு. ஒரு நாள் காலையில போன், உங்க பேர்ல மும்பையில இருந்து தைவானுக்குப் போன பார்சல்ல போதை மாத்திரை இருந்துச்சுன்னு. அப்பா மொதல்ல சிரிச்சுட்டுதான் வெக்கப் போயிருக்கார். அப்ப அந்தாளு ஆதார் நம்பர் பன்னண்டையும் தப்பில்லாம வாசிச்சிருக்கான், வீட்டு அட்ரஸைத் தெருப் பேரோட சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் அப்பாவுக்கு சிரிப்பு வரல.

அப்புறம் வீடியோ கால். யூனிஃபார்ம் போட்ட ஒருத்தன், பின்னாடி போலீஸ் ஸ்டேஷன் மாதிரி செட்டு. நீங்க டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க, கேமராவை ஆஃப் பண்ணக் கூடாது, புள்ளைங்ககிட்ட சொன்னா அவங்களையும் கேஸ்ல சேர்ப்போம்னு மிரட்டியிருக்கான். இந்திய சட்டத்துல டிஜிட்டல் அரெஸ்ட்னு ஒண்ணே கிடையாது, 2024 அக்டோபர்ல பிரதமரே மனதின் குரல்ல பேசினார், அதை அப்பாவும் ரேடியோவுல கேட்டவர்தான், எங்கிட்டயே சொன்னார், ஜாக்கிரதையா இரும்மான்னு. தெரிஞ்சவரே மாட்டிக்கிட்டார்ங்கறதுதான் என்னால இன்னும் ஜீரணிக்க முடியல. கேமரா முன்னாடி ரெண்டு ராத்திரி தூங்காம உக்காந்திருக்கார், அம்மா சமையக்கட்டுல பாத்திரம் உருட்டாம நடமாடியிருக்காங்க.

பேங்குக்குப் போய் எஃப்டியை உடைச்சு, அவனுங்க சொன்ன அக்கவுண்ட்டுக்கு 16 லட்சம் ஆர்டிஜிஎஸ்ல அனுப்பிட்டார். கவுண்டர்ல இருந்த பொண்ணு, ஐயா யாராவது போன்ல சொல்லி அனுப்பறாங்க போல இருக்கேன்னு ரெண்டு தடவை கேட்டிருக்கு. சட்டைப் பையில கால் ஓடிக்கிட்டிருக்கு, அவனுங்க கேட்டுக்கிட்டிருக்கானுங்க, அப்பா பேத்தி கல்யாணம்மான்னு சொல்லிட்டார். என் பொண்ணு ஏழாவது படிக்கறா. மூணாவது நாள் அம்மாவோட நகையை அடகு வெக்கச் சொன்னப்பதான் அம்மா பின்வாசல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போய் எனக்கு போன் பண்ணாங்க. உடனே சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிச்சோம், ஆனா பணம் போய் 44 மணி நேரம் ஆயிருந்துச்சு. 1,12,000 மட்டும் ஒரு அக்கவுண்ட்ல நிறுத்த முடிஞ்சது, அதுவும் கோர்ட் ஆர்டர் வாங்கி கைக்கு வர 11 மாசம். மிச்சம் அக்கவுண்ட் மாறி மாறி எங்கயோ போயிடுச்சு. அப்பா இப்ப சாயங்காலம் பார்க்குக்குப் போறதில்ல, யாராவது கேட்டுருவாங்கன்னு. நாங்க யாரும் அவரை ஒரு வார்த்தை கேக்கல, அவரே தன்னை விட மாட்டேங்கறார்.

தாமிரபரணிக்காரன்:

எங்க ஆச்சிக்கு நடந்தது சின்ன தொகைதான், ஆனா சொல்லியாவணும். 100 நாள் வேலைக் கூலியும் முதியோர் பென்ஷனும் சேத்து வச்சிருந்த அக்கவுண்ட்ல 10,000, மறுநாள் 7,500 போயிட்டு. போனும் கிடையாது, ஏடிஎம் கார்டும் கிடையாது, ஓடிபி எங்கேருந்து சொல்லும் அது? விசாரிச்சா கைரேகை வச்சு எடுத்திருக்காவ, நாங்க பாத்தே இராத ஊர்ல. ஆதார் நம்பரும் ரேகையும் இருந்தா போதும், எடுத்துரலாம். பத்திரப்பதிவு காயிதத்துல இருக்க ரேகையைக் காப்பி அடிச்சு சிலிக்கான்ல ரேகை செஞ்சு எடுத்த கேஸெல்லாம் வேற ஊர்ல புடிச்சிருக்காங்கன்னு அப்புறமாத்தான் தெரிஞ்சது. ஆச்சி அந்த வருசம்தான் ஒரு செண்டு நெலத்தை மாமா பேருக்கு எழுதிக் குடுத்திச்சு. இப்ப வீட்ல எல்லாருக்கும் ஆதார்ல பயோமெட்ரிக் லாக் போட்டாச்சு, அதாவது ரேகையை யாரும் வச்சு எடுக்க முடியாம பூட்டுறது, ஆதார் சைட்லயும் ஆப்லயும் போடலாம், வேணுங்கும்போது தெறந்துக்கிடலாம். 40 நாள்ல பேங்க்ல பணத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்க. ஆனா ஆச்சி அதுக்கப்புறம் பேங்க்ல காசு வைக்க மாட்டேங்கு, வந்த அன்னைக்கே எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிருது.

கவுண்டர் நம்பர் 3:

திருச்சி அக்கா சொன்னாங்களே அந்த கவுண்டர் பொண்ணு, அந்த மாதிரி ஒரு கவுண்டர்லதான் நானும் உக்காந்திருக்கேன். கண்ணு முன்னாடி தெரியும், கஸ்டமர் கை நடுங்கும், பேனா வழுக்கும், ஆனா அவர் பணம், அவர் கையெழுத்து, ஒரு எல்லைக்கு மேல நம்மால நிறுத்த முடியாது. ஒருத்தரை மட்டும் டீ குடுத்து அரை மணி நேரம் உக்கார வெச்சு மகனுக்கு போன் போட்டு காப்பாத்தினேன், அவர் இன்னும் பொங்கலுக்கு கரும்பு கொண்டு வருவார்.

1930 எப்படி வேலை செய்யுதுன்னு சொல்றேன், ஏன்னா நேரம் ஏன் முக்கியம்னு அப்பதான் புரியும். நீங்க சொன்னதும் அங்க ஒரு டிக்கெட் போடுவாங்க, அது பணம் போன பேங்குக்குப் போகும், அங்க பணம் இருந்தா அப்படியே ஹோல்டு, இல்லன்னா அடுத்து எந்த பேங்குக்குப் போச்சோ அங்க துரத்தும். அவனுங்க அதுக்குள்ள அஞ்சாறு கை மாத்தி ஏடிஎம்ல உருவிடுவானுங்க, இல்ல கிரிப்டோவா மாத்திடுவானுங்க. கை மாத்தற அக்கவுண்ட்டெல்லாம் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆசைப்பட்டு பாஸ்புக், சிம்மு எல்லாம் குடுத்த காலேஜ் பசங்களோடது. கேஸ்னு வந்தா மொதல்ல மாட்டறதும் அவங்கதான்.

நாடு முழுக்க சைபர் மோசடியில 2023ல 7,465 கோடி போச்சு, 2024ல 22,845 கோடின்னு பார்லிமெண்ட்லயே சொன்னாங்க. ஒரே வருஷத்துல மூணு மடங்கு, அதுவும் புகார் குடுத்தவங்க கணக்கு மட்டும். வெளிய சொல்ல வெட்கப்பட்டு விட்டவங்க எத்தனையோ.

ஆச்சி பணம் ஏன் வந்துச்சு, அப்பா பணம் ஏன் வரலைன்னா, 2017 ரிசர்வ் பேங்க் ரூல்படி நம்ம தப்பு எதுவும் இல்லாம வெளியாள் எடுத்து, பேங்க் மெசேஜ் வந்து 3 வேலை நாளுக்குள்ள சொல்லிட்டா நமக்கு நஷ்டம் ஜீரோ. 4ல இருந்து 7 நாள்னா ஒரு வரம்பு வரைக்கும் நம்ம தலையில. ஆனா ஓடிபி சொல்லிட்டாலோ நாமே அனுப்பிட்டாலோ, புகார் குடுக்கற வரைக்கும் போனது நம்ம கணக்குதான். ரெண்டு நாள் தூங்க விடாம மிரட்டி அனுப்ப வெச்சதை அவரே அனுப்பினதா எடுத்துக்கறது எனக்கு நியாயமாவே படல, இந்த வேலையில இருந்துக்கிட்டே சொல்றேன்.

பேக்கரி மாமா:

நான் ஏமாறவே இல்ல, ஆனாலும் மாட்டினேன். யாரோ ஒரு கஸ்டமர் 240 ரூபாய்க்கு பப்ஸும் டீயும் சாப்ட்டு க்யூஆர்ல போட்டுட்டுப் போயிருக்கான், அது மோசடிப் பணமாம். வேற ஸ்டேட் போலீஸ்ல இருந்து லெட்டர் வந்து கரண்ட் அக்கவுண்ட்டையே ஃப்ரீஸ் பண்ணிட்டாங்க. 240 ரூபாய எடுத்துக்கோங்கப்பா, மீதியை விடுங்கன்னு கெஞ்சினேன். மாவுக்காரனுக்கு செக் ரிட்டர்ன், பசங்க சம்பளத்துக்கு வட்டிக்கு வாங்கினேன். 23 நாள் ஆச்சு விட. எந்த ஸ்டேஷன், புகார் நம்பர் என்னன்னு பேங்க்ல எழுதி வாங்கி, பில் காப்பியோட அந்த ஸ்டேஷனுக்கே மெயில் போட்டப்பறம்தான் அசைஞ்சது.

திருப்பூர் செக்கிங்:

எல்லாருக்கும் நன்றிங்க. திருச்சி அக்கா, அப்பாகிட்ட இதைப் படிச்சுக் காட்ட முடிஞ்சா காட்டுங்க, அவரை மாதிரி எத்தனை பேர்னு அவருக்குத் தெரியட்டும்.

மீதி 2 கடனுக்கு 30 நாள் பாத்துட்டு ரிசர்வ் பேங்க்ல இந்த மாதிரி புகாரைப் பாக்கற ஓம்பட்ஸ்மேனுக்கு ஆன்லைன்ல போட்டிருந்தேன். ஒண்ணு நேத்து எடுத்தாச்சுன்னு மெயில் வந்துச்சு. நான் பேசுன வீட்டை வேற ஒருத்தர் கிரயம் பண்ணி பால் காய்ச்சிட்டாரு, அந்த வழியாத்தான் தினமும் வேலைக்குப் போறேன்.

இன்னொண்ணு. நம்ம பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி சைட்ல பாக்கலாம்னு பொண்ணு சொன்னா, ராத்திரி ஓடிபி போட்டுப் பாத்தோம். எங்க வீட்ல இருக்கறது 2 சிம். அங்க 4 காட்டுது. ரெண்டையும் என்னுது இல்லைன்னு டிக் பண்ணி அனுப்பியாச்சு. அதுல ஒரு நம்பரோட கடைசி நாலு எண், அந்தக் கடன் ரிப்போர்ட்ல இருந்த போன் நம்பரோட அப்படியே ஒத்துப் போகுதுங்க. நாளைக்கு அரை நாள் லீவு சொல்லியிருக்கேன், அந்தப் பிரிண்ட்அவுட்டை எடுத்துக்கிட்டு சைபர் கிரைம் ஆபீசுக்கு மறுபடியும் போறேன்.