களஞ்சியம், தொழுவம் மாற்றுமுன்: எதை முதலில் பதிவது?

அன்புள்ள உறவுகளுக்கு, வணக்கம்.

பழைய களஞ்சியத்தையோ தொழுவத்தையோ வீடாகவோ கூடமாகவோ மாற்றும்போது சுவரும் கூரைச்சட்டமும் பெரும்பாலும் தப்பிவிடும். போய்விடுவது தரை, தீவனத்தொட்டி, தடுப்புகள், மாடு கட்டிய வளையங்கள், பழைய பூச்சு. அதனால் முகப்பைப் படமெடுப்பதை விட்டுவிட்டுத் தரையிலிருந்து தொடங்குங்கள். முக்கியமாக, அளந்து படமெடுத்துப் பதிய ஆள் வருகிறார்கள் என்று கூட்டிப் பெருக்கி வெள்ளையடித்து வைக்காதீர்கள். நல்ல மனதோடு செய்யும் இந்த வேலைதான் அதிகத் தடயத்தை அழிக்கிறது.

தொழுவத் தரையின் சரிவும் வாய்க்காலும் மாடுகள் எந்தப் பக்கம் தலைவைத்து நின்றன என்று காட்டும். வாய்க்கால் பின்கால் பக்கம் ஓடும். எதிரெதிரே இரண்டு பெரிய கதவுகள், நடுவே கெட்டியான வழவழப்புத் தரை என்றால் அநேகமாகப் போரடித்துத் தூற்றிய இடம். காற்று ஊடுருவத்தான் அந்தக் கதவுகள். அடிச்சுவரில் உப்புப் பூத்துச் செங்கல் உதிர்ந்திருந்தால் மூத்திரம் ஊறியது காரணமாகலாம்; தரையீரம் ஏறினாலும் அப்படித்தான் ஆகும். மறுபக்கச் சுவரையும் பார்த்த பிறகே எழுதுங்கள்.

அளக்க இரண்டு பேர், 30 மீட்டர் டேப், 5 மீட்டர் எஃகு டேப், தூக்குக்குண்டு, டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க்குழாய்), நூல் போதும். கதவு, ஜன்னல், இடைச்சுவர் என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒரு மூலையில் பூஜ்யத்தைப் பிடித்து, டேப்பை நகர்த்தாமல் ஒவ்வொரு விளிம்பையும் வாசியுங்கள். மூலைகள் செங்கோணமாக இருக்காது. அறைக்கு அறை இரண்டு மூலைவிட்டங்களும் இல்லாவிட்டால் வரைபடம் மேசையில் பொருந்தாது. உயரத்தைச் சரிந்த தரையிலிருந்து எடுக்காமல், மட்டம் பார்த்துக் கட்டிய நூலிலிருந்து மேலும் கீழும் அளக்க வேண்டும். தளப்படமும் வெட்டுப்படமும் (கட்டடத்தை நெடுக்காக வெட்டிப் பார்ப்பது போன்ற படம்) 1:50 அளவில், மரப் பொருத்துகள் 1:10 அளவில் வரையுங்கள்.

மரத்தில் ஜோடியில்லாத துளைகளை, அதாவது இப்போது எந்த மரமும் பொருந்தியிராத பொருத்துத் துளைகளை, தவறவிடாதீர்கள். ஒரே ஒரு உத்தரத்தில் இருந்தால் அது வேறு கட்டடத்து மரமாக இருக்கலாம். எல்லா உத்தரங்களிலும் ஒரே இடத்தில் இருந்தால் அங்கே பரணோ தடுப்போ இருந்து பிரிக்கப்பட்டிருக்கும். எந்த மரம் எங்கே பொருந்தும் என்று காட்டத் தச்சர் வெட்டிய எண்குறிகள் வரிசை பிறழ்ந்திருந்தால் சட்டத்தைக் கழற்றி மறுபடி கோத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். நேர்வெளிச்சத்தில் இவை தெரியாது. டார்ச்சை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சுவரில் செங்கல் ஒன்றையொன்று கடிக்காமல் நேர்கோட்டில் பிரிந்து நின்றால் இரண்டு காலத்து வேலை. மூலைக்கட்டு ஒழுங்காக முடிந்திருக்கும் பக்கமே பழையது.

படங்களுக்கு முக்காலியும் அளவுகோல் கம்பும் தேவை. ஒவ்வொரு படத்தின் எண்ணையும், பார்த்த திசைக்கு ஒரு அம்புக்குறியையும் தளப்படத்தில் குறியுங்கள். நம்மில் பலர் தொலைவிலிருந்து பார்ப்பவர்கள். எண்ணில்லாத நூறு படங்களில் எது எந்தச் சுவர் என்று யாருக்கும் விளங்காது. லேசர் ஸ்கேன் வேகமானது, துல்லியமானது. ஆனால் மூட்டைக்குப் பின்னால் இருப்பது அதற்குத் தெரியாது, எது முந்தையது என்றும் சொல்லாது.

பரண் பலகையை நம்பி ஏறாதீர்கள், மேலே நடக்கும்முன் அடியிலிருந்து உத்தரத்தின் முனைகளைக் குத்திப் பாருங்கள். சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம்.

பூச்சை உரித்ததும் அடைத்த ஜன்னல்களும் பழைய கூரைக்கோடும் வெளிப்படும். அப்போது மறுபடி படமும் அளவும் எடுக்க வேண்டும். அதற்காக வேலையை நிறுத்தித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தக்காரரிடம் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.