உருகி உறைந்த மாஸ்டர் மிக்ஸ்: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

வணக்கம். வேலூரில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சென்ற வாரம் நீண்ட மின்தடையால், மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இருந்த கியூபிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கி அளவிடும் சோதனை) செய்வதற்கான எங்கள் சைபர் கிரீன் மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் சைபர் கிரீன் எனும் ஒளிரும் சாயமும் கலந்த கரைசல்) முழுவதும் உருகி, மறுபடியும் உறைந்துவிட்டது. அதன்பின், 20 மைக்ரோலிட்டர் வினைக்கு 10 மைக்ரோலிட்டர் மிக்ஸ் என்ற வழக்கமான அளவில் ஓட்டியும், டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோல் குழியில் 34ஆவது சுழற்சியில் டிஎன்ஏ பெருகுவதைக் காட்டும் வளைவு எழுகிறது; மெல்ட் கர்வில் (சூடேற்றும்போது டிஎன்ஏ இழைகள் பிரியும் வெப்பநிலையைக் காட்டும் வரைபடம்), எங்கள் ஜீனுக்குரிய 84 டிகிரி முகட்டுக்குக் கீழே, 76 டிகிரியில் இன்னொரு சிறு முகடும் தெரிகிறது. சைபர் கிரீன் எந்த இரட்டை இழை டிஎன்ஏவுடனும் பிணையும் என்பதால், இது பிரைமர் டைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் பிரைமர் எனும் சிறு டிஎன்ஏ துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாவது) என்றே கருதுகிறேன். ஆனால் இதே பிரைமர்கள் முன்பு இப்படிக் காட்டியதில்லை. ஒருமுறை உருகியதாலேயே ஹாட் ஸ்டார்ட் நொதி (சூடாக்கிய பின்னரே வேலையைத் தொடங்கும் நொதி) பழுதாகுமா, அல்லது பிரைமர் செறிவைக் குறைத்துப் பார்க்கலாமா? மாதிரிகள் நோயாளிகள் மனமுவந்து அளித்தவை. ஒரு துளியும் வீணாகக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் அன்புகூர்ந்து வழிகாட்டுங்கள்.