மாத்திரையை நிறுத்தினேன், நாட்காட்டி பொய்த்தது

வெண்பனி:
ஆறு வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டேன். இரவு ஒன்பதரைக்குக் கைப்பேசியில் அலாரம் அடிக்கும். நிறுத்திய பிறகும் அதை அணைக்க மறந்துவிட்டேன். அது அடிக்கும்போதெல்லாம் கை தானாகவே இழுப்பறையைத் திறக்கும். உள்ளே காலி அட்டைதான் கிடக்கும்.

கடைசி மாத்திரை சாப்பிட்ட மூன்றாம் நாள் உதிரப்போக்கு வந்து, நான்கு நாளில் நின்றது. உடம்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நிம்மதியானேன். அடுத்தது 28ஆம் நாள் என்று நாட்காட்டியில் பென்சிலால் வட்டம் போட்டுவைத்தேன். அந்த நாள் வந்துபோயிற்று. 35 ஆயிற்று, 40 ஆயிற்று. வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை செய்தேன்: ஒற்றைக் கோடு. ஒரு வாரம் விட்டு மறுபடி பார்த்தேன், அதே ஒற்றைக் கோடு.

மருத்துவர் சொன்னது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடமாக மாதம் தவறாமல் வந்தது மாதவிடாயே இல்லையாம். என் அட்டையில் 21 ஹார்மோன் மாத்திரை, 7 வெற்று மாத்திரை. அந்த ஏழு நாளில் ஹார்மோன் இறங்குவதால் கருப்பையின் உட்சவ்வு கொஞ்சம் உதிர்கிறது, அவ்வளவுதான். சினைமுட்டை வெளிவராமல் தடுப்பதுதானே மாத்திரையின் வேலை! நிறுத்திய பிறகு மூளைக்கும் சினைப்பைக்கும் இடையே பேச்சுவார்த்தை மறுபடி தொடங்க வேண்டும். பலருக்கு நான்கு முதல் ஆறு வாரத்தில் வந்துவிடும், சீராக மூன்று மாதம்வரை ஆகலாம், அதற்குமேலும் வராவிட்டால் வாருங்கள் என்றார்.

49ஆம் நாள் மாதவிடாய் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே அடிவயிற்றின் வலப்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. கூடவே முட்டையின் வெள்ளைக்கரு போல நூலாக இழுபடும் திரவம். ஏதோ நோய்த்தொற்று என்று பயந்தேன். சினைமுட்டை வெளிவரும் அறிகுறியாம். ஆறு வருடத்தில் அடியோடு மறந்துபோயிருந்தது.

அந்த முதல் இரவைச் சொல்லியாக வேண்டும். முதுகிலிருந்து தொடைவரை இறங்கும் வலி, சிறுசிறு இரத்தக் கட்டிகள், விடியுமுன் மூன்று நாப்கின்கள். மாத்திரை அந்த உட்சவ்வை மெல்லியதாகவே வைத்திருக்கும். அதனால்தான் அத்தனை வருடம் வலியே தெரியவில்லை. மணிக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைவது போல் இருந்தால் காத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். அதன்பின் 38, 33, 32 நாட்கள். நான்காம் மாதம் தாடையோரம் முகப்பரு வேறு. உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

தும்பை:
எனக்கு மாதவிடாய் வரவே இல்லை, நேரே குழந்தைதான் வந்தது! முதல் மாதவிடாய் வரும்வரை பயமில்லை என்று யாரோ சொன்னதை நம்பினேன். சினைமுட்டை வந்த பிறகுதானே மாதவிடாய் வரும்? அந்த எளிய கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் மாத்திரையை விட்ட நாளிலிருந்தே வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என் ஏற்பாடு இதோ, பக்கத்தில் தூங்குகிறது.

ஊஞ்சல்:
மாத்திரையையும் ஊசியையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள். நான் போட்டுக்கொண்டது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி. கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்பது மாதம் ஒன்றுமே இல்லை. பத்தாம் மாதம் இரண்டு நாள் வெறும் பழுப்புக் கறை. ஊசி மருந்து உடம்பைவிட்டு மெல்லத்தான் வெளியேறும், ஒரு வருடம்கூட ஆகலாம் என்று முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் நான் அத்தனை இரவு அழுதிருக்க மாட்டேன். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவர்கள் ஊசி போடுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல்தூண்:
எனக்கு நான்கு மாதம் வரவில்லை. மாத்திரை என்னைக் கெடுத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். தைராய்டு, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை. "பதினேழு வயதில் மாத்திரையை எதற்காகத் தொடங்கினீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். மாதவிடாய் ஒழுங்காக வராததற்காகத்தான்! ஆக, பிரச்சினை மாத்திரையால் வந்ததல்ல. மாத்திரை அதை இத்தனை காலம் மூடி வைத்திருந்தது. வெண்பனி, மாத்திரைக்கு முன் உங்கள் சுழற்சி எத்தனை நாள்?

வெண்பனி:
நல்ல கேள்வி, கல்தூண். 28 என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பழைய டைரியைத் தேடி எடுத்தேன். கல்லூரி முடித்த வருடம், பச்சை மையில் குறித்திருக்கிறேன்: 33, 32, 34, 32.