கேழ்வரகுக் களியை நிறுத்தத்தான் வேண்டுமா? பெருங்குடல் அழற்சி நோயும் நம் வட்டார உணவும்

கேள்வி: பாலக்கோட்டு ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன், வயது 36. மூன்று ஆண்டுகளுக்கு முன் இரத்தமும் சளியும் கலந்த பேதி ஒரு மாதத்திற்கு மேல் நிற்காமல் போனபோது, குடல் உள்நோக்கிப் பரிசோதனையும் திசுப் பரிசோதனையும் செய்து, எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சி நோய் என்று மருத்துவர் உறுதி செய்தார். முதலில் சில வாரங்கள் ஸ்டீராய்டு கொடுத்தார். இப்போது குடல் அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரை மட்டும் நாள்தோறும் எடுத்துக்கொள்கிறேன். கடந்த ஓராண்டாக இரத்தம் போகவில்லை. சென்ற மாதம் எடுத்த மலப் பரிசோதனையில் கால்புரோடெக்டின் 42 என்று வந்தது. அழற்சி அடங்கியிருக்கிறது என்று மருத்துவர் மகிழ்ச்சியுடன் சொன்னார்.

ஆனால் சாப்பாடு என்பது எனக்கு அச்சம் தரும் ஒன்றாகவே மாறிவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து ஆளுக்கொரு பொருளை விலக்கச் சொன்னார்கள். உடம்புச் சூடுதான் காரணம் என்று கூறி மாமியார் காரத்தையும் மாம்பழத்தையும் நிறுத்தச் சொன்னார். உடன் பணிபுரியும் ஒருவர் பாலையும் தயிரையும், இன்னொருவர் கோதுமையையும், உறவினர் ஒருவர் தக்காளியையும் நிறுத்தச் சொன்னார்கள். இவை போதாவென்று, ஒரு நாள் இரவு களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு மறுநாள் முழுவதும் வயிறு உப்பி, நான்கு முறை இளக்கமாகப் போனதால், சிறு வயது முதல் உண்டு வளர்ந்த களியையும் நானே நிறுத்திவிட்டேன். இன்று நான் உண்பவை அரிசிக் கஞ்சி, இட்லி, வாழைப்பழம், மிளகு ரசம் ஆகிய நான்கு மட்டுமே. 58 கிலோ இருந்த எடை 49 ஆகிவிட்டது, ஹீமோகுளோபின் 9.2 இருக்கிறது. வகுப்பில் நின்றுகொண்டே பாடம் நடத்த முடியாமல் நாற்காலியைத் தேடுகிறேன்.

இத்தனைக்குப் பிறகும் வயிறு உப்புவது முழுமையாக நின்றபாடில்லை. எந்த உணவு உண்மையிலேயே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை எப்படிக் கண்டறிவது? ஆடி மாதத்தில் ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது என் பிள்ளைகளோடு ஒரு சொம்பு கூழாவது குடிக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: அரூர் விவசாயி

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் பழைய நாட்களே கண்முன் வந்தன. எனக்கு இருப்பது க்ரோன்ஸ் நோய். பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் நோய் பெருங்குடலோடு நிற்பது. என்னுடையதோ வாய் முதல் ஆசனவாய் வரை எங்கு வேண்டுமானாலும் வரக்கூடியது, எனக்குச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வந்தது. அதே இடத்தில்தான் குடல் காசநோயும் பெரும்பாலும் வரும் என்பதால், தொடக்கத்தில் ஆறு மாதம் காசநோய் மாத்திரையே சாப்பிட்டேன். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் இவ்விரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த மருத்துவர்களுக்கே கடினம் என்று பிறகு அறிந்துகொண்டேன். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத உணவு மற்றவருக்கு ஒத்துக்கொள்ளும் என்பதையும், இரண்டும் குடல் அழற்சி நோய்களே ஆனாலும் உணவுக் கட்டுப்பாடு ஒன்றாகாது என்பதையும் சொல்லவே இதைக் குறிப்பிட்டேன்.

எனக்குக் குடலின் ஓரிடத்தில் சுருக்கம் விழுந்திருக்கிறது. முருங்கைக்காய்ச் சக்கை, பலாச்சுளை, மாங்காய்த் தோல், மக்காச்சோளம், ஆரஞ்சுச் சுளையின் மேல்தோல் போன்றவை அந்தக் குறுகிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். ஒரு முறை திருமண விருந்தில் முருங்கைக்காயைச் சக்கையோடு விழுங்கியதால், நள்ளிரவில் வயிறு முறுக்கி, வாந்தி எடுத்து, இரண்டு நாள் மருத்துவமனையில் மூக்கின் வழியாகக் குழாய் போட்டுப் படுத்திருந்தேன். உங்களுக்குச் சுருக்கம் இல்லை என்றால் இந்தப் பட்டியலை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை.

களியை மட்டும் நான் விடவில்லை. மாவை மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலித்து உமியை நீக்கி, நொய்யை நன்றாகக் குழைய வேகவைத்து, அதில் மாவைக் கொட்டித் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டி இறக்குவார் என் மனைவி. களியை நாம் மெல்லாமல் விழுங்குகிறவர்கள். ஆகவே உருண்டையைச் சிறிதாகக் கிள்ளி, கீரைக் கடைசலில் நன்கு தோய்த்து விழுங்குவேன். இதுவரை அது எனக்குத் தொல்லை தந்ததில்லை.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்கிறேன். வயல் வேலை செய்து மூட்டு வலித்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நம் குடல் நோயைக் கிளப்பிவிடக் கூடியவை. உணவின் மீது பழி போட்ட பல நாட்களில் எனக்குக் கேடு செய்தது அந்த மாத்திரைதான்.

பதில் 2: ஓசூரிலிருந்து உணவியல் ஆலோசகர்

அம்மா, உங்கள் மருத்துவர் சொல்லும் எதற்கும் இது மாற்றாகாது என்ற எல்லைக்குள் நின்று, பணியில் நான் கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 42 என்ற எண்ணைப் பாருங்கள். குடற்சுவரில் அழற்சி இருந்தால் அங்கே கூடும் வெள்ளணுக்கள் வெளிவிடும் புரதமே கால்புரோடெக்டின். அது 50க்குக் கீழே இருப்பது இயல்பான அளவு. இரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. இரவுத் தூக்கத்திலிருந்து மலம் கழிக்க எழுந்து ஓட வேண்டியிருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை; அதுவும் இல்லை என்றால், இப்போது உங்களுக்கு வரும் உப்புசம் புண் ஆறாததால் வருவதாகத் தோன்றவில்லை. அழற்சி அடங்கிய பிறகும் குடல் சிறிது காலம் கூச்சத்தோடு இருக்கும். சில மாவுச்சத்துகளும் சர்க்கரைகளும் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. அது துன்பம் தரும், ஆனால் குடலைப் புண்ணாக்காது. இந்த வேறுபாடு மனதில் பதிந்தால் சாப்பாட்டின் மீதுள்ள அச்சத்தில் பாதி குறையும்.

இப்போது அந்த இரவு உணவுக்கு வருகிறேன். நீங்கள் குற்றம் சுமத்தியது களியை. ஆனால் தட்டில் அதன் அருகே அவரைக்கொட்டைக் குழம்பும் இருந்ததல்லவா? அவரைக்கொட்டை, கொள்ளு, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு ஆகியவற்றில் மனிதக் குடலால் செரிக்க முடியாத ஒரு வகைச் சர்க்கரைத் தொடர்கள் உள்ளன. குழம்பில் அரைத்து ஊற்றிய வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் என்ற மற்றொரு வகை இருக்கிறது. கோதுமையிலும் அதுவே உண்டு. இவை பெருங்குடலை அடைந்து நொதிக்கச் சில மணி நேரம் ஆகும் என்பதால், இரவு உண்டது மறுநாள் காலையில் வேலையைக் காட்டும். நம் பகுதியில் களியைத் தனியாக யாரும் உண்பதில்லை; அதனாலேயே குழம்பு செய்த குற்றம் களியின் தலையில் விழுவதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். தக்காளியைக் குற்றம் சொல்கிறவர்களும் பெரும்பாலும் தக்காளியை வெங்காயத்தோடு வதக்கித்தான் உண்டிருப்பார்கள்.

களியை நீங்கள் திரும்பப் பெற வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கே. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட உடம்பில் எலும்பின் வலு குறையும். பாலையும் நிறுத்தி, கேழ்வரகையும் நிறுத்தினால் கால்சியம் எங்கிருந்து வரும்? முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவானால் அதன் சத்து இன்னும் நன்றாக உடம்பில் சேரும்.

கண்டறியும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு நோட்டில் உண்டது, அளவு, நேரம், மலம் போன தடவை, வயிற்றின் நிலை ஆகியவற்றோடு அன்றைய தூக்கம், மாதவிடாய் நாள், பள்ளியில் தேர்வு அல்லது ஆய்வு இருந்ததா என்பதையும் எழுதுங்கள். மாதவிடாயும் மன அழுத்தமும் குடலை இளக்கும் என்பதால், அவற்றைக் குறிக்காவிட்டால் பழி மீண்டும் உணவின் மீதே விழும். இரண்டு வாரம் இப்போதைய உணவோடு எழுதிவிட்டு, அதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளைச் சேருங்கள். முதல் நாள் சிறிதளவு, மறுநாள் அதைவிடக் கூடுதலாக, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. பிறகு மூன்று நாள் இடைவெளி. தொல்லை வந்தால் அதை ஓரங்கட்டி வைத்து, சில மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். என்றைக்குமாக விலக்கும் பட்டியல் ஒன்றை எழுதாதீர்கள்.

களியில் தொடங்குங்கள். சலித்த மாவில் எலுமிச்சை அளவு உருண்டை ஒன்று. தொட்டுக்கொள்ள வெங்காயமும் பூண்டும் இல்லாத, ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேகவைத்த பாசிப்பருப்புக் கடைசல். பூண்டு மணம் இல்லாமல் இறங்காது என்றால், பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளியுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. வெங்காயத்திற்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி போதும். அடுத்தது தயிர். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஓரளவு உண்டுவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்கின்றன. பாலைக் கடைசியாகச் சோதியுங்கள். அது ஒத்துக்கொள்ளாவிட்டால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். முட்டையையும் தோல் நீக்கிய கோழியையும் மீனையும் ஏன் நிறுத்தினீர்கள் என்று எழுதவில்லை. உண்ணும் வழக்கம் உங்களுக்கு உண்டானால், எடை கூட அவைதான் முதலில் வர வேண்டும்.

கோதுமையை முழுமையாக நிறுத்துவதற்கு முன், கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கோதுமையை விட்டபின் அந்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக் கூடும். ஹீமோகுளோபின் 9.2 என்பதை உணவால் மட்டும் ஈடுசெய்ய நினைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டினால் நரம்பு வழியாக ஏற்றும் முறை இருக்கிறது.

மெசலமைனை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள், மாத்திரையை உடைத்தோ பொடித்தோ உண்ணாதீர்கள். உணவு எத்தனை பொருத்தமாக அமைந்தாலும் அழற்சியை அடக்கி வைத்திருப்பது அந்த மாத்திரையே. இரத்தமோ காய்ச்சலோ இரவில் எழுப்பும் பேதியோ வந்தால் இந்தச் சோதனைகள் அனைத்தையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பதில் 3: கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு தாய்

என் மகனுக்குப் பதினைந்து வயது. அவனுக்கும் இதே நோய்தான். எங்கள் வீட்டைச் சுற்றி மாந்தோப்பு. பிஞ்சு விடும் காலத்திலிருந்து காய் இறக்கும் காலம் வரை அவன் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலைகுனிந்து போவதைக் காண என்னால் முடியவில்லை. நோய் அடங்கியிருந்த ஆண்டில் மருத்துவரைக் கேட்டு, தோல் சீவிய செந்தூரா மாம்பழத்தில் இரண்டு துண்டு, சோற்றுக்குப் பிறகு கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஐந்து துண்டு உண்ட நாளில் வயிறு உப்பியது. ஆகவே அவனுடைய அளவு இரண்டு துண்டு என்று நாங்கள் தெரிந்துகொண்டோம். மாம்பழச் சாறு மட்டும் கொடுப்பதில்லை.

பேதி கண்ட நாட்களில் இளநீரை மட்டும் நம்பியிருக்காமல், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு பொட்டலம் என்ற கணக்கில் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுப்பேன். ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் கொடுத்துவந்தேன். காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர நம் மாவட்டங்களின் நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு போகாது என்று அறிந்தபின், குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பிடித்துக் காய்ச்சுகிறேன். இது குடல் நோய்க்குக் காரணம் என்று யாரும் எண்ண வேண்டாம். ஸ்டீராய்டு எடுத்த பிள்ளையின் எலும்பைக் கருதித்தான் சொல்கிறேன்.

மீண்டும் பாலக்கோட்டு ஆசிரியை

அண்ணாவுக்கும் உணவியல் ஆலோசகருக்கும் கிருஷ்ணகிரி அக்காவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். இரவில் எழுந்து ஓடும் நிலை எனக்கு இல்லை. நோட்டைத் தொடங்கி இரண்டு வாரம் எழுதியதில், நான் கவனிக்காத ஒன்று தெரிந்தது: உப்புசம் வந்த நாட்களில் பெரும்பாலானவை பள்ளி இடைவேளையில் பால் தேநீர் இரண்டு முறை குடித்த நாட்கள். பாலை நிறுத்திவிட்டேன் என்று நான் எழுதியிருந்தேன். தேநீரில் இருப்பதும் பால்தான் என்பது என் நினைவிலேயே இல்லை. இப்போது கறுப்புத் தேநீர் மட்டுமே.

களியைப் பாசிப்பருப்புக் கடைசலோடு மூன்று நாள் உண்டேன். மூன்றாம் நாள் முழு உருண்டை. வயிறு அமைதியாக இருந்தது. அவரைக்கொட்டைக் குழம்பை மாமியாரிடம் தயங்கித் தயங்கி மறுத்தேன். நோட்டைக் காட்டியதும் அவரே எனக்கென்று தனியாகக் கடைசல் வைக்கத் தொடங்கிவிட்டார். சூடு என்ற பேச்சையும் இப்போது எடுப்பதில்லை. தயிரும் முட்டையும் ஒத்துக்கொண்டன. எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றுவதற்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கூழ் ஊற்றும் நாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கோயில் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் கலப்பார்கள். எனக்கு மட்டும் வெங்காயம் சேர்ப்பதற்கு முன் ஒரு சொம்பு எடுத்து வைக்கும்படி பூசாரி வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.