புதுப்பிப்பு: கிட் காருக்குக் காயிலோவர் மாட்டியாச்சு

லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில், பாகங்களாக வாங்கி நானே கட்டிய கிட் கார் முன்பக்கம் தாழ்ந்து, காரைக்குடி வேகத்தடைகளில் அடி தட்டுகிறது, காயிலோவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் பொருத்திய, உயரத்தை மாற்றக்கூடிய அமைப்பு) போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போட்டாச்சு; இப்போது தட்டவில்லை.

ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையமான காலரை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பட்டறையில் ஒருவர் அடித்துச் சொன்னார். எவ்வளவு அழுத்தினாலும் கெட்டித்தன்மை மாறாத சாதாரண நேர்விகித ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது, வண்டி உயரும், அவ்வளவுதான். கெட்டியாக வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டேப்பை எடுக்காதீர்கள். டயர் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்பதால் உயரம் கூடுதலாகக் காட்டும். முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, என் எடைக்கு ஈடாக ஓட்டுநர் சீட்டில் அரிசி மூட்டைகளை வைத்து அளந்தேன். “அரிசிக்கு ஊர்கோலமாடா?” என்றார் அப்பத்தா. சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளையும் அந்த நிலையிலேயே இறுக்கினேன். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் டேம்பரை (ஷாக் அப்சார்பரை) முழுக்கத் தளர்த்தி, கானாடுகாத்தான் பக்கம் ஓட்டிப் பார்த்து ஒவ்வொரு கிளிக்காக ஏற்றினேன். மேடு தாண்டியதும் ஒரே ஆட்டத்தில் அடங்கியபோது நிறுத்திவிட்டேன்.

உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளே-வெளியே திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாறும். அலைன்மெண்ட் இன்னும் பார்க்கவில்லை, அதுவரை ஹைவே கிடையாது.