பசு வீணீர் வடிக்கிறது, இது விசர் நோயா (ரேபிஸ்)?

ஒட்டுசுட்டானில் இருந்து எழுதுகிறேன். போன மாதம் பட்டிக்குள் நரியொன்று புகுந்து எங்கள் சிவலைப் பசுவைக் கடித்தது. நேற்றிலிருந்து அது தவிடு தொடவில்லை. அடைத்த குரலில் கத்துகிறது, வாயால் வீணீர் வடிகிறது. பனங்கொட்டை சிக்கியிருக்கும் என்று கையை விட்டுத் தொண்டையைத் தடவினேன். விரலில் கத்தி வெட்டிய காயம் வேறு. விசர் நோய் நாய்க்குத்தானே வரும்?

மாங்குளத்து அக்கா: தம்பி, மாடு, ஆடு, பூனை, கீரி, மனிதர் எல்லோருக்கும் வரும். தொண்டை நரம்பு செயலிழந்து விழுங்க முடியாமல்தான் வீணீர் வடிகிறது. ஏதோ சிக்கிவிட்டது என்று கைவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். முதலில் கையைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கோ. பிறகு ஆஸ்பத்திரி. மஞ்சள், சுண்ணாம்பு ஒன்றும் பூச வேண்டாம்.

பழைய கமக்காரன்: மாட்டைத் தனியே கட்டுங்கோ, மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கோ. இறைச்சிக்கு வெட்டவே கூடாது. உங்கள் காயத்தில் பட்ட கிருமி நரம்பு வழியே மெதுவாக மூளைக்கு ஏறும். பெரும்பாலும் 1 முதல் 3 மாதம். அதற்கு முன் தடுப்பூசி முந்த வேண்டும். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகத் தொடங்கினால் வைத்தியம் அநேகமாகப் பலிக்காது.

கேட்டவர்: கழுவிவிட்டேன் அக்கா. பிள்ளைகள் குடித்த பால்?

மாங்குளத்து அக்கா: நன்றாகக் காய்ச்சியது என்றால் பயமில்லை. பச்சையாகக் குடித்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கோ. இனிக் கறக்க வேண்டாம்.

கேட்டவர்: காய்ச்சித்தான். சரி, மோட்டார் சைக்கிளை எடுக்கிறேன்.