கேக் நிகழ்ச்சி பார்த்தால் கனிவு வந்துவிடுமா?

மழைச்சாரல்:
‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ என்ற பிரிட்டன் டிவியின் கேக் செய்யும் போட்டி நிகழ்ச்சியின் பழைய சீசன்களை மறுபடி பார்க்கிறேன். ஒருவருக்கு நேரம் போதவில்லை என்றால், எதிர்த்துப் போட்டியிடுகிறவரே வந்து கைகொடுக்கிறார். அலுப்பும் தீருகிறது, மனிதர்களோடு பழகவும் கற்றுக்கொள்கிறேன்.

கடைசிபெஞ்ச்:
ஜெயித்தால் கிடைப்பது ஒரு கேக் ஸ்டாண்டும் பூங்கொத்தும். பெரிய தொகையை வைத்துப் பாருங்கள், அப்புறம் யார் கைகொடுக்கிறார்கள் என்று தெரியும். மீதியெல்லாம் எடிட்டிங்.

மழைச்சாரல்:
எடிட்டிங்கா? முதல் தொகுப்பாளர்கள் மெல், சூ இருவரும் என்ன செய்தார்கள் தெரியுமா? யாராவது அழ ஆரம்பித்தால் பக்கத்தில் போய் நின்று கெட்ட வார்த்தை பேசுவார்கள். அந்தக் காட்சியை ஒளிபரப்ப முடியாதே! அழுகிறவரை ஊர் பார்க்காமல் மறைத்தார்கள்.

போன மாதம் மீட்டிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணை மேலாளர் வறுத்தெடுத்தார். அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள், கண் நிறைந்துவிட்டது. நான் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டேன். மேசையெல்லாம் தண்ணீர், எல்லோரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அணில்வால்:
நல்ல காரியம்தான். ஆனால் 2014 சீசனை மறந்துவிட்டீர்களே. ஒருவரின் ஐஸ்கிரீமை வயதான ஒரு பெண்மணி ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்து வைத்தார். அது உருகியதும் ஐஸ்கிரீம் செய்தவர் கோபத்தில் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் போட்டார். வெளியே இருந்தது சுமார் 40 விநாடிதான் என்று நிகழ்ச்சித் தரப்பே பிறகு சொன்னது. அதற்குள் இணையத்தில் அந்த அம்மாவைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். திட்டியது யார்? உங்களைப்போல் அலுப்புத் தீரப் பார்த்தவர்கள்தான்.

மழைச்சாரல்:
உண்மையைச் சொல்கிறேன், அன்று நானும் திட்டி எழுதினேன். பிறகு அழித்தேன்.

கடைசிபெஞ்ச்:
இதைத்தான் சொல்கிறேன். சரி, டம்ளரைத் தட்டிவிட்டீர்களே, மேலாளரிடம் ‘இப்படிப் பேசாதீர்கள்’ என்று யாராவது சொன்னீர்களா?

மழைச்சாரல்:
இல்லை. எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை.

அணில்வால்:
அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்?

மழைச்சாரல்:
இருக்கிறாள். மறுநாள் என் மேசையில் ஒரு மூடி போட்ட தண்ணீர் பாட்டில் இருந்தது.